ஓர் உரிமம், இரண்டு பயணங்கள்

கேள்வி:

மினியாபொலிஸில் வசிக்கிறேன். நானும் நண்பர்கள் இருவரும் வரும் இலையுதிர்காலத்தில் தென் டகோட்டாவுக்கு ஃபெசன்ட் வேட்டைக்குப் போக ஆசைப்படுகிறோம். கொஞ்ச காலமாகக் களிமண் தட்டு சுடும் பயிற்சிக் களத்துக்கு மூவரும் போய்வருகிறோம். உயிருள்ள பறவையை இதுவரை சுட்டதில்லை. என்னிடம் மூன்று வயது லாப்ரடார் இருக்கிறாள். எறிந்ததை எடுத்துவருவாள், தண்ணீரில் பாய்வாள், வெடிச்சத்தத்துக்குப் பயப்பட மாட்டாள். அதற்கு மேல் பழக்கவில்லை.

அலுவலகத்தில் ஒருவர், “பருவம் தொடங்கும் சனிக்கிழமையே போய்விடுங்கள், அன்றைக்குத்தான் பறவை அதிகம்” என்கிறார். இன்னொருவர், தங்குமிடத்தோடு சேர்ந்த தனியார் வேட்டைப் பண்ணைக்குப் பணம் கட்டச் சொல்கிறார். எங்களுக்கு அங்கே விவசாயிகள் யாரையும் தெரியாது. எப்போது போவது, எங்கே நடப்பது, நாயை நம்பலாமா? எங்களில் ஒருவர் எச்-1பி விசாவில் இருக்கிறார். அவர் துப்பாக்கி எடுக்கலாமா?

இன்னொன்றும் மனத்தில் இருக்கிறது. ஊரில் கௌதாரியைப் பிடித்தாலே வழக்கு. இங்கே பணம் கட்டி உரிமம் வாங்கினால் சுடலாம் என்பது எனக்கு இன்னும் முழுதாக ஒப்பவில்லை. அதைப் பற்றியும் சொல்லுங்கள்.

- ஒரு வாசகர், மினியாபொலிஸ்

பதில்:

விசா நண்பரின் காரியத்தை முதலில் பார்த்துவிடுவோம். அது இலையுதிர்காலம் வரை காத்திருக்கக்கூடியது அல்ல. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் தடை விதிக்கிறது. விலக்குகள் சில உண்டு. அவற்றில் உங்கள் நண்பருக்குப் பொருந்துவது, ஏதாவது ஒரு மாநிலம் முறைப்படி வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம். பயிற்சிக் களத்தில் இரவல் துப்பாக்கியைக் கையில் எடுப்பதையும் சட்டம் ‘வைத்திருப்பது’ என்றே பார்க்கக்கூடும். ஆகவே உரிமம் கைக்கு வரும்வரை அவர் களத்தில் வேடிக்கை மட்டும் பார்க்கட்டும். உரிமம் வந்த பிறகு அது எப்போதும் அவர் சட்டைப்பையில் இருக்க வேண்டும். புறப்படும் முன் குடியேற்றச் சட்டம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

மினசோட்டாவில் 1979க்குப் பிறகு பிறந்தவர்கள் வேட்டை உரிமம் வாங்கத் துப்பாக்கிப் பாதுகாப்புச் சான்றிதழ் காட்ட வேண்டும். வயது எதுவானாலும் மூவரும் அந்தப் படிப்பை முடித்துவிடுங்கள். மற்ற மாநிலங்களிலும் அந்தச் சான்றிதழ் செல்லும். பக்கத்தில் ஆளையும் நாயையும் வைத்துக்கொண்டு சுடுவது களிமண் தட்டு சுடுவதற்குச் சம்பந்தமே இல்லாத வேலை.

இனிப் பயணம். தொடக்கச் சனிக்கிழமை வேண்டாம். தென் டகோட்டாவில் ஃபெசன்ட் பருவம் அக்டோபர் மூன்றாம் சனிக்கிழமை எல்லோருக்கும் திறக்கிறது. அதற்கு முந்தைய வார இறுதியிலேயே அம்மாநிலத்தவர்களுக்கு மட்டும் பொது நிலங்களில் மூன்று நாள் வேட்டை நடந்து முடிந்திருக்கும். மக்காச்சோளம் பெரும்பகுதி அறுக்கப்படாமல் நிற்கும். பறவைகள் பகல் முழுக்க அந்தப் பயிருக்குள், நீங்கள் கால்வைக்க முடியாத தனியார் வயலில் இருக்கும். உங்களுக்குக் கிடைப்பது, ஏற்கெனவே மிதிபட்ட பொதுப் புல்லும், வண்டி நிறுத்துமிடங்களில் வரிசையாக நிற்கும் டிரக்குகளும்தான். வெயிலும் சேர்ந்துகொள்ளலாம். 2003ஆம் ஆண்டின் தொடக்க வார இறுதியில் கடும் வெப்பத்தில் ஓடி வேட்டை நாய்கள் பல செத்துப்போயின. உங்கள் அலுவலக நண்பர் சொல்வது பொய்யில்லை. பருவத்திலேயே பறவை அதிகமாக இருக்கும் நாள் அதுதான். ஆனால் எண்ணிக்கை அதிகமாக இருப்பதும் நீங்கள் நடக்கும் இடத்தில் அவை இருப்பதும் வேறு வேறு.

நான் சொல்லும் திட்டம் இது. வெளிமாநிலத்தவருக்குத் தென் டகோட்டா தரும் சிறுவேட்டை உரிமம் பத்து நாளுக்கானது. அந்தப் பத்தை ஐந்து ஐந்து நாளாக இரண்டு தவணையாகப் பிரித்துக்கொள்ளலாம். அதே உரிமத்தில் ஃபெசன்டும் சுடலாம், கிரௌஸ் என்னும் புல்வெளிப் பறவையையும் சுடலாம். பலரும் பத்து நாளையும் அக்டோபரிலேயே செலவழித்துவிடுகிறார்கள். நீங்கள் முதல் ஐந்தைச் செப்டம்பர் கடைசியில் கிரௌஸுக்கும், அடுத்த ஐந்தை நவம்பர் நடுவில் ஃபெசன்டுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு முறையும் வார நாட்களில் போங்கள். கட்டணம் ஆண்டுக்கு ஆண்டு மாறும். வாழிட மேம்பாட்டுக்கான முத்திரைக் கட்டணமும் அதனோடு சேரும். மாநில வேட்டை, மீன், பூங்காத் துறையின் அந்த ஆண்டுக் கையேட்டைப் பார்த்துத்தான் எதையும் முடிவுசெய்ய வேண்டும்.

செப்டம்பர் பயணத்துக்கு நான் காட்டும் இடம், பியர் நகருக்குத் தெற்கே இருக்கும் ஃபோர்ட் பியர் தேசியப் புல்வெளி. ஏறத்தாழ 1,16,000 ஏக்கர். யாரிடமும் அனுமதி கேட்காமல் நடக்கலாம். 1930களின் வறட்சியிலும் புழுதிப் புயலிலும் விவசாயம் நொடித்துப்போன நிலங்களைக் கூட்டாட்சி அரசு வாங்கி மறுபடி புல்லாக்கியது. அப்படி மீண்ட நிலங்களுக்கு 1960இல் தேசியப் புல்வெளிகள் என்று பெயர் வந்தது. இப்போது வனத்துறை பார்த்துக்கொள்கிறது. குத்தகைக்கு மாடு மேயும். மேய்ந்த இடம் குட்டையாகவும் ஓய்வில் விட்ட இடம் முழங்கால் உயரமாகவும் இருக்கும். அந்த இரண்டும் சந்திக்கும் ஓரத்தில் நடக்கத் தொடங்குங்கள்.

அங்கே இருப்பவை கூர்வால் கிரௌஸும் பெரிய பிரெய்ரி கோழியும். ஃபெசன்டைப் போல ஆசியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவை அல்ல, இந்த மண்ணின் பறவைகள். கூர்வாலுக்கு மார்பில் ‘வி’ வடிவக் குறிகள், வயிறும் வாலோரமும் வெளுப்பு. பிரெய்ரி கோழிக்கு மார்பு முழுக்கக் குறுக்குப் பட்டை, வால் குட்டையாக, கருமையாக இருக்கும். பருவம் செப்டம்பர் மூன்றாம் சனிக்கிழமை தொடங்குகிறது. இரண்டும் சேர்த்து ஒருவருக்கு ஒரு நாளைக்கு மூன்று. வசந்தத்தில் இவற்றின் சேவல்கள் விடியும் முன்பே குட்டைப் புல் மேட்டில் கூடி, சிறகை விரித்துக் காலைத் தட்டி ஆடும். சமவெளியின் பூர்வகுடி மக்கள் பவ்வாவ் விழாக்களில் ஆடும் ‘சிக்கன் டான்ஸ்’ அந்த ஆட்டத்தைப் பார்த்துப் பிறந்தது. முடிந்தால் ஏப்ரலில் ஒரு விடியலுக்கு அங்கே போய்ப் பாருங்கள். துப்பாக்கி இல்லாத அந்தப் பயணம், செப்டம்பரில் எந்த மேட்டைச் சுற்றி நடக்க வேண்டும் என்பதையும் சொல்லிக்கொடுக்கும். ஆட்டக்களத்தை விட்டு இப்பறவைகள் அதிக தூரம் போவதில்லை.

நடக்கும் முறை இதுதான். காலையில் பறவைகள் வெட்டுக்கிளிக்கும் குதிரைமசால் இலைக்கும் காட்டுரோஜாக் காய்க்கும் வெளியே வரும். வெயில் ஏறியதும் மேட்டின் நிழல் பக்கத்தில், உச்சிக்குச் சற்றுக் கீழே, காற்று படும் இடத்தில் உட்கார்ந்துவிடும். பள்ளத்திலேயே நடந்தால் நாள் முழுக்க ஒன்றும் எழாது. மேட்டுக்கு மேடு, காற்றை முகத்தில் வாங்கியபடி நடங்கள். முதல் பறவையைச் சுட்டதும் அதன் தொண்டைக்குக் கீழே இரை தங்கும் பையைத் திறந்து பாருங்கள். உள்ளே வெட்டுக்கிளி இருந்தால் குட்டைப் புல்லுக்குப் போங்கள், குதிரைமசால் இருந்தால் அந்த வயலை ஒட்டிய பொது நிலத்தை வரைபடத்தில் தேடுங்கள். எந்த வழிகாட்டியும் இதைவிடத் துல்லியமாகச் சொல்ல மாட்டார்.

செப்டம்பரை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. அப்போது அந்த ஆண்டுக் குஞ்சுகள் இன்னும் சிறு கூட்டமாக இருக்கும், ஆளை நெருங்கவிடும். நவம்பரில் அவையே பெரிய மந்தையாகிவிடும். நீங்கள் வண்டிக் கதவைத் திறக்கும்போதே எட்டாத தூரத்தில் எழுந்து அடுத்த மேட்டைத் தாண்டிவிடும். இன்னொரு எச்சரிக்கை. அந்தப் பக்கம் ஃபெசன்டும் உண்டு. செப்டம்பரில் அதைச் சுடக்கூடாது. பெட்டை ஃபெசன்ட் பழுப்பு நிறம், தூரத்தில் கூர்வாலைப் போலத் தெரியும். வால் நீளமாக, வெளுப்பே இல்லாமல் இருந்தால் துப்பாக்கியை இறக்குங்கள். கூர்வால் எழும்போது பெரும்பாலும் ‘குக் குக் குக்’ என்று தொடர்ந்து கத்தும். கண்ணுக்குச் சந்தேகம் வந்தால் காதை நம்பலாம், இரண்டுக்கும் சந்தேகம் என்றால் சுடக்கூடாது. ஒரே சிறு கூட்டத்திலிருந்து இரண்டு எடுத்தால் போதும், வேறு மேட்டுக்குப் போய்விடுங்கள். இது சட்டமில்லை, என் வேண்டுகோள்.

பக்கத்திலேயே லோவர் ப்ரூல் பூர்வகுடியினரின் நிலம் இருக்கிறது. பூர்வகுடி ஒதுக்கு நிலங்களில் வேட்டையாட அந்தந்தக் குடியின் தனி உரிமம் வேண்டும். மாநில உரிமத்தைக் காட்டி உள்ளே போகாதீர்கள். மழை பெய்தால் மண்பாதையில் வண்டியை இறக்காதீர்கள். அங்குள்ள களிமண்ணைக் ‘கம்போ’ என்பார்கள். நனைந்தால் சக்கரத்தில் அப்பி நான்கு சக்கர உந்துதல் வண்டியையும் நிறுத்திவிடும், கைபேசிச் சமிக்ஞையும் பல இடத்தில் இருக்காது. உயரமான காய்ந்த புல்மேல் வண்டியை நிறுத்துவதும் ஆபத்து. அடியில் இருக்கும் சூடான புகைக்குழாய் தீப்பற்ற வைத்துவிடும்.

நவம்பர் பயணத்துக்கு மிசௌரி ஆற்றுக்குக் கிழக்கே வாருங்கள். ரெட்ஃபீல்டு, ஹியூரான், ஆபர்டீன் வட்டாரம். உங்களுக்கும் அதுதான் பக்கம். 1908-09 காலத்தில் ரெட்ஃபீல்டு அருகே விட்ட பறவைகள்தான் அங்கே வேர்பிடித்தன. 1919இல் அந்த ஸ்பிங்க் மாவட்டத்தில் ஒரே ஒரு நாள் நடந்ததுதான் மாநிலத்தின் முதல் ஃபெசன்ட் பருவம். இன்று அங்கே நடக்க மூன்று வகை நிலம் உண்டு: மாநிலம் வைத்திருக்கும் வேட்டைப்பறவை நிலங்கள், கூட்டாட்சி அரசின் நீர்ப்பறவை இனப்பெருக்க நிலங்கள், விவசாயிக்குப் பணம் கொடுத்து மாநிலம் திறந்துவைக்கும் ‘வாக்-இன்’ நிலங்கள். மூன்றும் மாநில வரைபடத்தில் நிறம் நிறமாக இருக்கும். வாக்-இன் பட்டியல் ஒவ்வோர் ஆண்டும் மாறும், பழைய வரைபடத்தை நம்பாதீர்கள். மற்ற தனியார் நிலத்தில், பலகை இல்லாவிட்டாலும், அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம். வடக்கு டகோட்டாவில் பழக்கம் வேறு, அங்கே மூடிவைத்ததாக அறிவிக்காத நிலம் வேட்டைக்குத் திறந்தது. அந்த மாநிலத்தில் வேட்டையாடிப் பழகியவர் சொல்வதைக் கேட்டு இங்கே நுழைந்துவிடாதீர்கள்.

நவம்பரில் மக்காச்சோளக் கொல்லை வெறுமையாகிவிடும். பறவைகளுக்கு இரவு தங்கவும் காற்றிலிருந்து ஒதுங்கவும் புல்லும் சம்பங்கோரையும்தான் மிச்சம். ஃபெசன்ட் வேட்டை காலை பத்து மணிக்குத்தான் தொடங்கலாம், அதுவும் மத்திய நேரப்படி. மாநிலத்தின் மேற்குப் பாதி ஒரு மணி நேரம் பின்தங்கியது, ஆற்றைத் தாண்டினால் பல இடங்களில் கைபேசியின் கடிகாரம் மாறிவிடும். முடிவு அஸ்தமனம். ஒரு நாளைக்கு ஒருவருக்கு மூன்று சேவல், பெட்டை கூடவே கூடாது. எல்லோரும் பத்து மணிக்கு முண்டியடித்து, இரண்டு மணிக்குக் களைத்துத் திரும்புவார்கள். நீங்கள் கடைசி ஒன்றரை மணி நேரத்தைக் காத்துவையுங்கள். கொல்லையில் மேய்ந்த பறவைகள் தங்குமிடத்துக்குத் திரும்புவது அப்போதுதான்.

ஃபெசன்ட் பறப்பதைவிட ஓடத்தான் விரும்பும். அது காதால் பிழைக்கும் பறவை. கதவை அறையாதீர்கள், நாயைக் கூவி அழைக்காதீர்கள். நேர்கோட்டில் வேகமாக நடந்தால் உங்களுக்கு முன்னே ஓடி மறுமுனையில் நழுவிவிடும். வளைந்து வளைந்து நடந்து, சில அடிக்கொருமுறை நில்லுங்கள். காலடி ஓசை திடீரென்று நின்றால் பதுங்கியிருப்பது பொறுமையிழந்து எழும். புல் முடியும் மூலையை அவசரமாகத் தாண்டாதீர்கள், ஓடிவந்தவை எல்லாம் அங்கேதான் குவிந்திருக்கும்.

மூவரும் ஒரே வரிசையில், ஒருவரை ஒருவர் பார்த்தபடி நடங்கள். சட்டம் கேட்கிறதோ இல்லையோ, பளிச்சென்ற ஆரஞ்சுத் தொப்பியும் மேற்சட்டையும் கட்டாயம். அவரவர் சுடும் திசையை நடக்கத் தொடங்கும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். பறவைக்குக் கீழே வானம் தெரிந்தால் மட்டும் சுடுங்கள். தாழப் பறக்கும் சேவலுக்குப் பின்னால் பெரும்பாலும் உங்கள் நாய் இருக்கும். முதல் பயணத்தில், ஒருவர் முன்னால் போய் மறுமுனையில் மறித்து நிற்கும் முறையைத் தொடவே வேண்டாம். வேலி தாண்டும் முன் தோட்டாவை எடுத்துவிடுங்கள்.

துப்பாக்கிக்கு 12 அல்லது 20 காஜ் போதும், சோக் ‘இம்ப்ரூவ்டு சிலிண்டர்’. ரவை எல்லாப் பயணத்துக்கும் எஃகிலேயே வாங்குங்கள், கிரௌஸுக்கு 6ஆம் எண், ஃபெசன்டுக்கு 3. நீர்ப்பறவை நிலங்களில் ஈய ரவை சட்டப்படி கூடாது. சுட்டும் கிடைக்காமல்போன பறவையைத் தின்று கழுகுக்கு ஈயம் ஏறுவது எங்கும் நடப்பதுதான். தாத்தா காலத்துத் துப்பாக்கி யாராவது கொடுத்தால், எஃகு ரவைக்கு அது தாங்குமா என்று துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் கேளுங்கள்.

நாயைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நம்பலாம், ஆனால் இப்போதே வேலையைத் தொடங்க வேண்டும். லாப்ரடார் பறவையைச் சுட்டிக்காட்டி நிற்காது, எழுப்பும். எழுப்பும் நாய் இருபத்தைந்து மீட்டருக்குள் இருந்தால்தான் பயன். அதற்கு அப்பால் அவள் எழுப்புவதெல்லாம் வீண். ஒரு விசிலுக்குத் திரும்பிவரவும், இன்னொரு விசிலுக்கு உட்காரவும், உங்கள் முன்னே இடமும் வலமுமாகக் குறுக்கே ஓடவும் கோடை முழுக்கப் பழக்குங்கள். அவள் உடல் எடையைக் குறைத்துவிடுங்கள். வீட்டுக் கம்பளத்தில் நடந்த பாதம் புல்வெளியில் இரண்டாம் நாளே கிழியும், இப்போதிருந்தே கரடுமுரடான தரையில் நடக்கவிடுங்கள்.

செப்டம்பரில் வெயில் ஏறினால் பத்து மணிக்கு அவளை வண்டியில் ஏற்றிவிடுங்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் என்றால் அவளுக்கு அதைவிடக் கூடுதலாகத் தண்ணீர் சுமக்க வேண்டும். கால் தடுமாறி, நாக்கு அகன்று தொங்கி, கூப்பிட்டால் கவனிக்காமல் போனால் அது வெப்பத் தாக்கு. நிழலில் வைத்து, உடம்பை நனைத்து, மருத்துவமனைக்குப் போங்கள். உறைபனி விழும்வரை கிலுகிலுப்பைப் பாம்பு உண்டு. முள்ளம்பன்றி எல்லாக் காலத்திலும் உண்டு. அதன் முள்ளைப் பிடுங்க ஒரு குறடு, முள்கம்பி கிழித்தால் கட்ட ஒட்டுத்துணி, புல்லின் கூர்முனைகளைக் கண்ணிலிருந்தும் காதிலிருந்தும் கழுவ உப்புநீர் ஆகியவை உங்கள் பையில் இருக்கட்டும். மாலைதோறும் விரலிடுக்கு, அக்குள், இமை எல்லாம் தடவிப் பாருங்கள். நவம்பரில் சதுப்பின் மேல் புதிதாகப் பிடித்த மெல்லிய பனிக்கட்டிமேல் அவளை விடாதீர்கள், சேவல் அங்கே விழுந்தாலும். எங்கே தங்கினாலும், அருகே இரவில் திறந்திருக்கும் கால்நடை மருத்துவர் யார் என்று முதல் நாளே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

தனியார் பண்ணை கெட்டதல்ல. வளர்த்து விட்ட பறவை, நிச்சயமான எண்ணிக்கை, சூடான சாப்பாடு. நாய்க்கு ஒரு நாள் பயிற்சியாக வேண்டுமானால் போகலாம். நீங்கள் கேட்ட பயணம் அது அல்ல என்பது உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது.

உங்கள் மன உறுத்தலுக்கு வருகிறேன். ஊரில் கௌதாரிக்குத் தடை இருப்பது சரி. இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் வந்தபோது காட்டில் எஞ்சியது கொஞ்சம், வேட்டையை ஆண்டுதோறும் கணக்கிட்டு அளவிடும் ஏற்பாடும் இல்லை. இங்கே வேட்டைக்காரரின் பணமே நிலத்துக்குப் போகும்படி ஒரு கணக்கு கட்டியிருக்கிறார்கள். 1937இன் பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி நீள்துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் தயாரிப்பாளர் கட்டும் 11 சதவீத வரி மாநில வனவிலங்குத் துறைகளுக்கு வருகிறது. நீங்கள் நவம்பரில் நடக்கப்போகும் நீர்ப்பறவை நிலங்கள் பெரும்பாலும், வாத்து வேட்டைக்காரர்கள் வாங்கும் வாத்து முத்திரையின் பணத்தில் வாங்கியவை. ஃபெசன்டுக்கு அந்த முத்திரை தேவையில்லை, இருந்தாலும் ஆளுக்கு ஒன்று வாங்குங்கள்.

ஃபெசன்டில் சேவலை மட்டும் எடுப்பதால் அடுத்த ஆண்டுக் கூடு குறைவதில்லை, ஒரு சேவல் பல பெட்டைகளோடு சேரும். அதன் எண்ணிக்கையைக் கூட்டுவதும் குறைப்பதும் புல்தான். 1985இல் தொடங்கிய ஒரு திட்டம், உழாமல் புல்லாக விடும் நிலத்துக்குப் பத்து, பதினைந்து ஆண்டு வாடகை கொடுத்தது. 2007இல் நாடு முழுக்க அப்படி 3.6 கோடி ஏக்கருக்கு மேல் புல் இருந்தது. அந்த ஆண்டு தென் டகோட்டாவில் மட்டும் சுமார் 21 லட்சம் சேவல்கள் சுடப்பட்டன. பிறகு மக்காச்சோள விலை ஏறியது, ஒப்பந்தங்கள் முடிந்தன, புல் உழப்பட்டது, பறவையும் கூடவே போயிற்று. வேட்டையே இல்லாத புல்வெளிச் சிட்டுகளுக்கும் அதே கதிதான். 1970க்குப் பிறகு வட அமெரிக்கப் புல்வெளிப் பறவைகள் பாதிக்கு மேல் குறைந்துவிட்டதாக 2019இல் வந்த ஆய்வு சொல்கிறது.

வேட்டையால் கெடுதல் இல்லவே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். பிரெய்ரி கோழியின் கிழக்குக் கிளையான ஹீத் கோழி, சந்தைக்காகச் சுட்டுச் சுட்டு ஒரு தீவுக்குள் ஒடுங்கி, 1932இல் அடியோடு அற்றுப்போனது. அதனால்தான் ஒரு நாளைக்கு மூன்று என்பதை இலக்காக வைத்துக்கொண்டு போகாதீர்கள் என்கிறேன். அது உச்சவரம்பு. இவ்வளவும் தெரிந்த பிறகும் மனம் ஒப்பாவிட்டால், நாயோடும் வரைபடத்தோடும் நீங்கள் நடங்கள், நண்பர்கள் சுடட்டும். அந்த நிலத்தில் அப்படி நடப்பவர்களுக்கும் இடமுண்டு.

கறிக்கு வருவோம். செப்டம்பர் வெயிலில் பறவையைப் பையிலேயே வைத்துச் சுமக்காதீர்கள். வண்டிக்கு வந்ததும் குடலை எடுத்து, உள்ளே காற்றாட விட்டுப் பனிப்பெட்டியில் வையுங்கள், தேங்கிய நீர் படாமல். இனமும் ஆணா பெண்ணா என்பதும் தெரியத் தலையோ காலோ இறகு நீக்காத சிறகோ உடம்போடு இருக்க வேண்டும். வீடு சேரும்வரை அதை வெட்டாதீர்கள், வழியில் அதிகாரி கேட்பார். கூர்வாலின் நெஞ்சுக்கறி கருஞ்சிவப்பு. நாம் கோழிக்குப் பழகிய கணக்கில் வேகவைத்தால் ஈரல் வாடை வந்துவிடும். மிளகும் உப்பும் நெய்யும் போதும், சூடான இரும்புச் சட்டியில் இரு பக்கமும் சில நிமிடம் வாட்டி, நடுவில் சிவப்பு இருக்கும்போதே இறக்குங்கள். ஃபெசன்ட் நெஞ்சு வெளுத்தது, அதைக் குழம்பில் போட்டால் நாராகிவிடும். தொடைக்கறியில் கெட்டியான நரம்புகள் இருக்கும், அதைத் தனியாக எடுத்துச் சின்ன வெங்காயமும் மிளகும் அரைத்துவிட்டு இரண்டு மணி நேரம் மெல்லிய தீயில் வேகவையுங்கள். குழந்தைகளுக்குப் பரிமாறும் முன் ஒவ்வொரு துண்டையும் விரலால் பிய்த்து, உள்ளே ரவை இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். எஃகு ரவையைக் கடித்தால் பல் உடையும்.